சுண்டக்கறி

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் அதிகம் போனால் முந்நூறு பேர் இருப்போம். அவர்களில் முப்பது பேராவது என் அக்கா கையால் சாப்பிட்டவர்கள். அதனால் இதைப் பொதுஜனத்துக்கான ஆரோக்கியக் கட்டுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிட்டவர்களில் ஒருவன் மற்றவர்களுக்கு எழுதுவது. அவள் வைத்த சொதியைப் பற்றி நம்மில் ஒருவர் கவிதைகூட எழுதியிருக்கிறார். நல்ல கவிதை இல்லை என்பது வேறு விஷயம்.

1981-லிருந்து திருநெல்வேலி டவுனில் அக்கா வீட்டு மச்சில் குடியிருக்கிறேன். கீழே அக்காவும் அத்தானும். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாம் கூடியது அந்த மச்சில்தான். உருவம், படிமம், பிரக்ஞை என்று பன்னிரண்டு மணி வரை போகும். ஒன்பது மணிக்கு தோசை, பத்தரைக்குக் காபி. இரண்டும் படி ஏறி வரும். கொண்டுவந்தவள் கடைசிப் படியில் வைத்துவிட்டு, "ஏலே, எடுத்துக்கோ" என்று குரல் கொடுத்து இறங்கிவிடுவாள். 1988-ல் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு வந்தபோது தலைப்புக் கதையைப் பற்றி இரண்டு கூட்டம் பேசினோம். கதையில் வருகிற சமையலறை குறியீடா, ஸ்தூலமான இடமா என்பது அன்றைய பிரச்னை. ஸ்தூலமான இடம் என்ற கட்சியில் நான் இருந்தேன். அன்றைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். பேச்சின் உஷ்ணத்தில் யாரும் கீழே இறங்கிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு 'கைப்பக்குவம்' என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். அக்காவின் கை உப்பை அளப்பதில்லை, ஆனாலும் தவறுவதில்லை. கவிதையில் சொல் வந்து விழுவதும் அப்படித்தான். அளவுகோலோடு வருகிற விமர்சகன் அடுக்களைக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பது வாதம். பாராட்டி நாலைந்து கடிதங்கள் வந்தன. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உப்பு கூடிப்போன நாளு ஒனக்குத் தெரியாதுலே. அன்னைக்கு ஒங்களுக்கு வேற வச்சிருப்பேன்" என்றாள். கூடிப்போனதை யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

1998-ல் அத்தானுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு 53 வயது. ஆபீஸில் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். நெஞ்சில் யானை உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்வார். மதுரையில் பைபாஸ் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பக்கக் காகிதம் ஒன்று கொடுத்தார்கள், இதய நோயாளி என்ன சாப்பிடலாம் என்று ஆங்கிலத்தில். அக்காவுக்காக அதை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை அடுக்களைச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். என் மொழிபெயர்ப்புகளில் யாராவது தினமும் படித்தது அது ஒன்றுதான். 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்பதற்கு 'உறைகிற கொழுப்பு' என்று போட்டிருந்தேன். கலைச்சொல் வேறு இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மார்கழியில் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். நெய் உறைவதைப் பார்த்திருக்கிறாள். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அப்படி உறைவதில்லை. ஐந்து நிமிஷத்தில் காகிதத்தின் பாதி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

மீதிப் பாதியை அவள் காகிதத்தைத் தாண்டிக் கண்டுபிடித்தாள். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் யாரும் இதை ஒரு மூளை வேலையாக எண்ணிப் பார்த்ததில்லை. அதுவரை எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியால் எடுக்க ஆரம்பித்தாள். கூழ்வத்தலைப் பொரிப்பது நின்றது. அப்பளம் தணலில் சுடப்பட்டது. சொதிக்கு மூன்று பால் எடுப்பார்கள் அல்லவா, அதில் கெட்டியான முதல் பாலை அத்தானுக்கு நிறுத்திவிட்டு, கடைசிப் பாலில் பாசிப்பருப்பை அதிகமாகக் குழைய விட்டு ஒரு கனம் கொண்டுவந்தாள். பொரியலில் தேங்காய்ப்பூ இருந்த இடத்தில் மலர வேகவைத்த பாசிப்பருப்பு வந்தது. உப்புதான் பெரிய பாடு. உப்பைக் குறைத்தால் மட்டும் போதாது, அது போன இடத்தில் நாக்கு வேறு எதையாவது தேடும் என்று கண்டுகொண்டாள். எலுமிச்சை பிழிந்தாள், சீரகமும் மிளகும் பச்சையாகத் தட்டிப் போட்டாள், கொத்தமல்லி விதையை வறுத்துத் தூவினாள். உப்பை வேகும்போது போடாமல் இறக்கும்போது போட்டால் பாதி போதும், மேலாக நிற்கிற உப்பைத்தான் நாக்கு முதலில் தொடுகிறது என்றாள். முதல் மாதம் அத்தான் தட்டை நகர்த்தினார். மூன்றாவது மாதம் கிளப்புக் கடை சாம்பார் கரிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும் என்று நான் பிற்பாடு படித்தேன். அவள் படிக்காமலே பொறுத்திருந்தாள்.

அன்றிலிருந்து அந்த அடுக்களையில் இரண்டு சமையல். அத்தானுக்கு ஒன்று, எனக்கும் வருகிறவர்களுக்கும், அதாவது உங்களுக்கும், பழையபடி ஒன்று. அக்கா எதைச் சாப்பிட்டாள் என்றால், இரண்டிலும் மீந்ததை.

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சுண்டக்கறி தெரியும். கல்யாண வீட்டில் மிஞ்சின குழம்பு, கறி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி மறுநாள் சுண்டவைப்பார்கள். அதன் ருசிக்குத் தனி ரசிகர்கள் உண்டு, நானும் ஒருவன். அக்கா வீட்டில் அது தினப்படி நடந்தது. ராத்திரி மிஞ்சினது காலையில் சுண்டும், மத்தியானம் மிஞ்சினது அதோடு சேரும். தண்ணீர் வற்ற வற்ற அதில் நிற்பது உப்பும் எண்ணெயும்தான். நாலு பேருடைய உப்பு ஒரு கரண்டிக் கறியில் வந்து உட்காரும். அதைத்தான் பழையதுக்குத் தொட்டுக்கொள்வாள். இல்லாவிட்டால் நாரத்தங்காய். அப்பளம் பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்று சுவரில் ஒட்டின காகிதத்தில் இருந்தது. அவள் அதைக் கொட்டவில்லை, மனசு வராது. அத்தானுக்கும் ஊற்றவில்லை. அந்த எண்ணெயில் தனக்குத் தாளித்துக்கொண்டாள். ஆக, விஷயம் தெரியாமல் நடந்ததில்லை இது. அந்தத் தெருவிலேயே இருதயத்துக்கு எது ஆகும் எது ஆகாது என்று துல்லியமாகத் தெரிந்த மனுஷி அவள்தான். அந்த அறிவு அத்தான் இருதயத்தைப் பற்றிய அறிவாக இருந்தது. இப்படிப் பதினாறு வருஷம்.

2014 மார்கழியில் வாசல் கோலம் சின்னதாகிக்கொண்டு வந்தது. இருபத்தோரு புள்ளி பதினைந்தாயிற்று, பதினைந்து ஒன்பதாயிற்று. நான் கவனித்தேன். அழகாக ஒடுங்கி வருகிறது, எளிமையை நோக்கிப் போகிறாள் என்று நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். குனிந்து நாலு இழை போட்டால் மூச்சு வாங்கியது என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் இடது தோள்பட்டைக்குள் இழுக்கிறது என்றாள். "என்னக்கா செய்யுது?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லலே, வாயுதான். பெருங்காயத்தப் பொரிச்சு மோர்ல போட்டுக் குடிச்சேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை ஓமத் தண்ணீர். அத்தானுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். கூப்பிட்டுக் கேட்டார்: "நெஞ்சுல யானை ஏறி உக்காந்த மாதிரி இருக்கா?" அப்படி இல்லை என்றாள். அப்படியென்றால் இருதயம் இல்லை என்று அவரும் நானும் சமாதானப்பட்டோம். அத்தான் நல்ல மனிதர், அக்கறையில்தான் கேட்டார். ஆனால் அவரிடம் இருந்த அளவுகோல் அவருக்கு வந்த மாரடைப்பு. புதன்கிழமை பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்து, வயசு, வாயு, வேளைக்குச் சாப்பிடாதது என்று சொல்லி ஒரு ஊசி போட்டார். மூன்றும் பொய் இல்லை என்பதால் நாங்கள் நம்பினோம். திரும்பி வந்து ராத்திரிக்குத் தோசை வார்த்தாள். மாவு இருந்தது என்றாள்.

வியாழன் விடியற்காலம் மூன்று மணிக்கு அத்தான் மச்சுப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். அக்கா தார்சாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவை நனைகிற வேர்வை. ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். தாடையைக் கையால் பிடித்திருந்தாள், பல்வலிக்காரர்கள் பிடிக்கிற மாதிரி. ஆட்டோவில் ஏற்றும்போது, "அவுக மாத்திரை அலமாரில மேல் தட்டுல இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இ.ஸி.ஜி. எடுக்க ஒரு பையன் வந்தான். நெஞ்சில் ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும். அக்கா முந்தானையை விடவில்லை. பொம்பளை ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். நர்ஸ் ஒருத்தி வர ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. இருதயத் தசை ரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கையில் ஏழெட்டு நிமிஷம் என்றால் என்ன என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியாமல் இல்லை. 1998-ல் அத்தான் விஷயத்தில் டாக்டர்கள் சொன்னதையெல்லாம் வரி வரியாகக் கேட்டவள் அவள்.

டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், முப்பது வயது இருக்கும். அடைத்திருந்தது இருதயத்தின் அடிச்சுவருக்குப் போகிற குழாய். அந்தச் சுவர் வயிற்றுக்கு மேலே, உதரவிதானத்தில் படிந்தாற்போல இருக்கிறது, அதனால் அங்கே அடைத்தால் வயிற்றுக் கோளாறு போல ஓங்கரிப்பு வரும், ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும் என்றார். ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் சாவகாசமாக அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார்: பிரசவத்தின்போது ரத்தக் கொதிப்பு இருந்ததா? 1976-ல் இரண்டாவது பிரசவத்தில் கால் முகமெல்லாம் வீங்கி, கொதிப்பு ஏறி, ஜன்னி வந்துவிடும் என்று பயந்து முன்கூட்டியே பிள்ளையை எடுத்தார்கள். அப்படி ஆன பெண்களுக்குப் பின்னாளில் இருதய நோய் வருகிற வாய்ப்பு அதிகம், மாதவிலக்கு நின்ற பிறகு அது இன்னும் ஏறும், நீரிழிவும் சேர்ந்தால் சொல்ல வேண்டாம் என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பிரசவத்தைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் டாக்டர் அவர்தான். சர்க்கரை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க ஆள் வந்துகொண்டிருந்தது, அத்தானுக்கு.

"நெஞ்சு வலிக்கலையா அம்மா?" என்று அந்தப் பெண் கேட்டார். "நாலு நாளா வலிச்சுது" என்றாள் அக்கா.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன். மாரடைப்பு என்று நாம் சர்வசாதாரணமாக எழுதுகிறோம். மார் என்ற சொல் ஆணின் வாயில் வேறு, பெண்ணின் வாயில் வேறு. அக்கா தன் ஆயுளில் எங்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. முதுகு என்பாள், தோள்பட்டை என்பாள், குறுக்கு என்பாள். நெஞ்சு என்றால் கரிக்கிறது, எரிகிறது என்பதோடு சரி. அந்த இடத்தைச் சுற்றி எத்தனை இடம் உண்டோ அத்தனைக்கும் அவளிடம் பெயர் இருந்தது. பெண்களுக்கு வருகிற மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அப்படி வருவதும் உண்டு. ஆனால் பெண்களிலும் பெரும்பாலோருக்கு நெஞ்சுதான் வலிக்கிறது. கூடவே மூச்சிரைப்பு, ஓங்கரிப்பு, தாடை, முதுகு, காரணம் தெரியாத அசதி. கேட்கிறவன் காதில் கூடவே வருவதுதான் விழுகிறது. சொல்லைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன், குற்ற உணர்வுள்ளவன் படிக்கிற வேகத்தில். 1964-ல் அமெரிக்க இருதயச் சங்கம் ஆரிகான் மாநிலத்தில் பெண்களுக்கென்று முதல் மாநாடு கூட்டியிருக்கிறது. மாநாட்டின் பெயர் 'இதயங்களும் கணவர்களும்'. வந்த பெண்களுக்குப் புருஷன்மார் இருதயத்தைப் பாதுகாக்கச் சமைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். அடுக்களைச் சுவரில் பருக்கையால் ஒட்டியிருந்த என் மொழிபெயர்ப்பு எனக்கு ஞாபகம் வந்தது. 1982-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் 12,866 பேர், அத்தனை பேரும் ஆண்கள். அதன் பெயர்ச் சுருக்கத்தையே 'மிஸ்டர் ஃபிட்' என்றுதான் வாசித்தார்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 22,071 டாக்டர்களை வைத்துப் பார்த்து 1989-ல் முடிவு சொன்னார்கள். ஒரு பெண் டாக்டர் அதில் கிடையாது. மாஸசூஸட்ஸில் 1948-ல் தொடங்கிய ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் ஆரம்பத்திலிருந்தே பெண்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரவு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

1991-ல் பெர்னடைன் ஹீலி என்ற இருதய மருத்துவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: யென்டல் நோய்க்குறி. அந்த வருஷம்தான் அவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களுக்குத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பெயர் ஐஸக் பாஷெவிஸ் சிங்கரின் கதையிலிருந்து. வேதம் படிக்க ஆசைப்பட்ட யூதப் பெண் யென்டல் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு போகிறாள். ஒரு பெண் தன்னுடைய நோய் ஆணின் நோயைப் போன்றதுதான் என்று நிரூபித்தால்தான் அவளுக்கு ஆணுக்குக் கிடைக்கிற வைத்தியம் கிடைக்கிறது என்றார் ஹீலி. சிங்கருக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தவர் என்ற ஹோதாவில் மச்சில் ஒரு கூட்டம் முழுக்கப் பேசியிருக்கிறோம். மொழிபெயர்ப்பில் இத்திஷ் வாசனை நிற்கிறதா என்பது விவாதம். அக்காவின் நெஞ்சில் யானை ஏறாததால் அவள் மூன்று நாள் பெருங்காய மோர் குடித்ததற்கு அந்தக் கதையில் ஒரு பெயர் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இப்போது அந்த அடுக்களையில் நான் சமைக்கிறேன். அக்காவின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 40 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளுகிறது. 55-க்கு மேல் இருக்க வேண்டும். நின்றுகொண்டு வேலை செய்ய முடியாது. வாசல்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வெந்தயம் கருகுது, வாசன வரல?" என்பாள். எனக்கு வாசனை வந்திருக்காது. கைப்பக்குவம் என்று நான் எழுதினதை மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கையின் சொந்தக்காரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்பது அதில் இல்லை. எனக்குக் கைப்பக்குவம் கிடையாது. தேக்கரண்டி உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலையில் மூன்று பேருக்கு மூன்று தேக்கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுகிறேன். ராத்திரி வரைக்கும் அதுதான். இட்லி மாவுக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஊறுகாய்ப் பரணி மேலே ஏறிவிட்டது. மீந்தால் கொட்டுகிறேன். முதல் ஆறு மாதம் இது ஒன்றுக்குத்தான் அக்கா என்னோடு சண்டை போட்டாள். மீறாத அளவுக்கு வடிக்க இன்னும் எனக்கு வரவில்லை. இரண்டு சமையல் கிடையாது. அவள் அத்தானுக்காகக் கண்டுபிடித்த சமையலைத்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், ஏழரை மணிக்கு, ஒன்றாக உட்கார்ந்து. வருகிற நண்பர்களுக்கும் அதுதான். ஒருவர் சொதி முன்னைப்போல் இல்லை என்றார். இல்லைதான்.

ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. மூன்று பேருக்கு நாளைக்குப் பதினைந்து கிராம் என்றால் ஒரு கிலோ உப்பு 66 நாள் வர வேண்டும். முன்பு ஒரு மாதம் தாங்காது. பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அதன் மேல் பென்சிலால் தேதி எழுதி வைக்கிறேன். போன பாக்கெட் 52 நாளில் தீர்ந்துவிட்டது. இருநூறு கிராமுக்கு மேல் எங்கே போயிற்று என்று சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் எழுந்து போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார், காலையிலேயே படித்து முடித்த பேப்பர்.